பதினோராவது கட்டம்

செப்டம்பர் 4, வியாழன்

அதிகாலை விளக்கேற்றி, 'ஓம் சரவணபவ' நூற்றெட்டு எழுதினேன். சிலிண்டர் மாற்றினேன். போன தடவை மாற்றியது ஜூலை 19. நாற்பத்தேழு நாள் வந்திருக்கிறது. பரவாயில்லை.

எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் பத்து டேப் வந்திருக்கிறது. பெரிய செல்போன் மாதிரி, சிலேட்டு அகலம். நூற்பாலைக்காரர்கள் கொடுத்தது. நான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி என்பதால் கூப்பிட்டனுப்பி, என் முன்னால்தான் பெட்டியைப் பிரித்தார்கள். படிக்கிற பிள்ளையின் அம்மா ஒருத்திதான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. எட்டாவதோடு நின்ற என்னை ஏன் போட்டார்கள் என்றால், அன்றைக்கு வந்த அம்மாக்களில் கூட்டம் முடிகிறவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

தலைமையாசிரியர் தண்டபாணி சார் மேலிருந்து வந்த தாளைப் படித்துக் காட்டினார். கம்ப்யூட்டரைத் தனிப் பாடமாக நடத்தக் கூடாதாம். தமிழ், கணக்கு, அறிவியல் எல்லாவற்றோடும் கலந்து சொல்லித்தர வேண்டுமாம்.

"சாம்பார்ல பெருங்காயம் போடறாப்லயாமா," என்றார் சார். "நான் மே மாசம் ரிட்டையரு. இதுல ஒண்ணு ஒடஞ்சுதுன்னாலும் என்ற பென்சன்ல வந்து நிக்கும். பத்தும் பீரோவுலயே இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. மருந்து அட்டையையும் உர மூட்டையையும் பார்த்து இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் பழகியவள் நான். என் மகள் தாரிகா அஞ்சாவது படிக்கிறாள். அவளும் பீரோவைப் பார்த்துக்கொண்டா படிக்க வேண்டும்?

"சார், நான் பதிவேடு போட்டுத் தர்றேனுங்க. ஒரு கீறல் விழுந்தாலும் எந்தக் கையில விழுந்துச்சுன்னு தெரியும். பொறுப்பு என்றதுங்க," என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பதிவேடு முடிந்தது. இருநூறு பக்க நோட்டு. பக்கத்துக்குப் பதினோரு கட்டம்: டேப் எண், தேதி, எடுத்த நேரம், வகுப்பு, பாடம், எடுக்கும்போது சார்ஜ், கீறல் உண்டா இல்லையா, வைத்த நேரம், வைக்கும்போது சார்ஜ், கையெழுத்து, குறிப்பு. கோடெல்லாம் அடிக்குச்சியால் போட்டது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. டேப் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்ட ஒன்று முதல் பத்துவரை எண் வெட்டி வைத்தேன்.

வீட்டுக்காரர் தேங்காய்க் களத்திலிருந்து வந்து புரட்டிப் பார்த்தார். "ஏம் புள்ள, அந்த டேப்பு தேயறதுக்கு முந்தி இந்த நோட்டு தேஞ்சுபோயிருமாட்ட இருக்குதே," என்றார். இவருக்கு எதுவும் விளையாட்டு.

செப்டம்பர் 10, புதன்

மூன்று நாளாகிறது. ஒருவரும் டேப்பைத் தொடவில்லை. மொத்தமே இரண்டு ஆசிரியர்கள். சார் தொட மாட்டார் என்பது தெரிந்ததுதான். நாலு, அஞ்சாம் வகுப்பு எடுக்கிற கோகிலவாணி டீச்சருக்கு என்ன வந்தது? சின்ன வயது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். நிரந்தர வேலை இல்லை. எங்கள் குழுதான் ஜூனில் தீர்மானம் போட்டுத் தற்காலிகமாக வைத்தது, அக்டோபர் கடைசியில் மறுபடி தீர்மானம் போட்டால்தான் தொடரும். இப்படிப்பட்டவள் அல்லவா முன்னால் நிற்க வேண்டும்!

நேரிலேயே கேட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு பீரியடு நாப்பது நிமிசம். பத்து டேப்புக்குப் பதினோரு கட்டம் ரொப்பறதுக்குள்ள இருவது நிமிசம் போயிருது. திருப்பி வெக்கறதுக்கு இன்னொரு பத்து. மிச்சம் பத்து நிமிசத்துல என்னத்தப் பாடத்தோட கலக்கறது?"

சாக்கு. வேலை செய்ய மனமில்லாதவர்கள் சொல்வது.

செப்டம்பர் 11, வியாழன்

கோகிலவாணி என்னை வகுப்புக்குக் கூப்பிட்டாள். டேப் இல்லாமலே கம்ப்யூட்டர் பாடமாம். தமிழில் கட்டளை வாக்கியம் நடத்துகிறாளாம். ரோகித் என்கிற பையன் மிசின் மாதிரி நிற்பான். நான் சொல்வதை மட்டும்தான் செய்வான். விளக்கேற்றச் சொல்ல வேண்டும். தினம் செய்கிற வேலைதானே என்று எழுந்தேன்.

"வெளக்கப் பொருத்து," என்றேன். அவன் மரமாட்டம் நின்றான்.

"எங்க வெளக்கு? நீங்க எடுக்கச் சொல்லலீங்க," என்றாள் என் மகளே.

சரி, விளக்கை எடு என்றேன். எடுத்தான். தீக்குச்சியை உரசு என்றேன். உரசுகிற மாதிரி கையை ஆட்டினான். திரியில் வை என்றேன். "திரியே போடலீங்க! எண்ணையும் ஊத்தலீங்க!" என்று பதின்மூன்று பிள்ளைகளும் கத்தினார்கள். ரோகித், கை சுட்டுவிட்டதாக நடித்துத் தரையில் உருண்டான். எனக்கு வெட்கமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இருபது வருஷமாக விளக்கேற்றுகிறேன்.

"மிசினத் திட்டக் கூடாது," என்று கோகிலவாணி பிள்ளைகளிடம் சொன்னாள். "சொன்னதத்தான் அது செஞ்சுது. தப்பு வந்தா பின்னாடி போகோணும். எந்தப் படி வரைக்கும் நல்லா இருந்துச்சு? அதுக்கு அடுத்த படியில என்ன நடந்துச்சு? அங்கதான் தப்பு ஒக்காந்திருக்கும்."

என்னைத் திட்டாமல் திட்டியது போல இருந்தது. வந்து மாவாட்டினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒருவழியாக டேப் வெளியே வந்தது. அறிவியலுக்குப் பூச்சிகளைப் படம் எடுக்கிறோம் என்று பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப் போயிருக்கிறாள். நான் ஓடிப்போய் நின்றேன். ஈரத்தில் டேப்பா? படம் எடுத்து, எத்தனை கால் என்று எண்ணி, அதிலேயே பட்டியல் போடுகிறார்கள். தாரிகாவின் மூக்கு நுனியில் சேறு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கட்டம் ஏழில் கீறல் இல்லை என்பதைப் பத்துக்கும் ஒரே கோடாக இழுத்துவிட்டிருக்கிறாள். தனித்தனியாக எழுதச் சொன்னேன்.

செப்டம்பர் 25, வியாழன்

காலாண்டுப் பரீட்சை நாளையோடு முடிகிறது. லீவுக்கு முன் பத்தையும் நானே நின்று, தாரிகாவை வயர் செருகச் சொல்லிச் சார்ஜ் போட்டேன். பத்தும் நூறு. எழுதினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆயுத பூஜை லீவில் வருவதால் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கே பூஜை. கரும்பலகை, மணி, தராசு, ஸ்கேல், எல்லாவற்றுக்கும் பொட்டு. டேப்பை மட்டும் விடலாமா? பிள்ளைகளுக்கு வித்தை தருகிற பொருள். வீட்டிலிருந்து சந்தனம் நானே அரைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

வரிசைப்படி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஆறுவரை கண்ணாடியின் மேல் ஓரத்தில் வைத்தேன். சார் பார்த்துவிட்டு, "கண்ணாடியில வேண்டாம்மா, கறை புடிச்சுக்கும்," என்றார். அதனால் ஏழிலிருந்து கண்ணாடியை விட்டுக் கீழ் ஓரத்தில் வைத்தேன். அங்கே நடுவில் சின்னக் குழி மாதிரி இருக்கிறது. சந்தனம் வழியாமல் நின்றது. அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 1 முதல் 6 மேல் ஓரம், 7 முதல் 10 கீழ் ஓரம், சந்தனம் வைக்கப்பட்டது. பீரோவைப் பூட்டிச் சாவியை சாரிடம் கொடுத்தேன். பொரியும் சுண்டலும் முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் சரியாக வந்தது.

அக்டோபர் 1, புதன்

வீட்டுப் பூஜை. இவருடைய வண்டிக்கு மாலை. மழை வந்து களத்துக் கொப்பரையை வாரி உள்ளே போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்தது. பத்தையும் ஈரத்துணியால் துடைத்தேன். ஒன்று முதல் ஆறு சுத்தமாக வந்தது. மற்றதில் குழிக்குள் கொஞ்சம் இருந்தது. துணியை முறுக்கி விட்டுப் பார்த்தேன், உள்ளே போய்விட்டது. காய்ந்தால் தானாக உதிரும்.

அக்டோபர் 8, புதன்

"அக்கா, ஏழுல சார்ஜ் ஏறவே மாட்டேங்குது," என்றாள் கோகிலவாணி. "வயரு முழுசா உள்ள போகலீங்க. எட்டு, ஒம்பது, பத்து, வயரத் திருகிப் புடிச்சாத்தான் ஏறுது." ஏழை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். "என்னமோ சந்தன வாசம் அடிக்குதுங்க்கா."

"என்ற கை வாசமா இருக்கும்," என்றேன்.

குறிப்பில் எழுதினேன்: ஏழு சார்ஜ் ஏறவில்லை. காரணம் தெரியவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று கார்த்திகை. விரதம்.

ஏழு அடியோடு அணைந்துவிட்டது. சார் பதறிப்போய் என்னையும் கோகிலவாணியையும் கூப்பிட்டார்.

"தொட்டிக்கிட்ட கொண்டுபோனீங்கல்ல டீச்சர்? தண்ணி எறங்கிருக்குது. நான் அன்னிக்கே நெனச்சேன்."

"சார், அது செப்டம்பர் பன்னெண்டு. அதுக்கப்பறம் நல்லா ஓடுச்சுங்க."

"ஓடும். தண்ணி மெல்லத்தான் வேலையக் காட்டும். கையெழுத்து யாரு போட்டிருக்காங்க? நீங்கதான்." என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, நீங்க சொல்லுங்க."

"ஈரத்துல கொண்டுபோகாம இருந்திருக்கலாம்," என்றேன். பொய் இல்லை. கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம்தான்.

கோகிலவாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்று 'ஓம் சரவணபவ' எழுபத்தொன்பது வரைதான் எழுதினேன். எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மூலைகள் மடங்கியிருந்ததை நிமிர்த்தினேன். செப்டம்பர் 26-ந்தேதி குறிப்புக் கட்டத்தில் தேவையில்லாததை எழுதியிருந்தேன். பதிவேட்டில் பூஜை சமாச்சாரம் எதற்கு? அதன்மேல் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டினேன். சுத்தமாக இருக்கிறது.

இட்லிக்கு ஊற வைத்தேன். அரிசி நாலு, உளுந்து ஒன்று.

அக்டோபர் 14, செவ்வாய்

சார் வீடுதேடி வந்தார். தீர்மானம் எழுதிக் கையோடு கொண்டுவந்துவிட்டார். 31-ந்தேதி கூட்டத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டியது. இரண்டே வரி. தற்காலிக ஆசிரியையின் கவனக்குறைவால் டேப் பழுதானதால் பணி நீட்டிக்கப் பரிந்துரைக்கவில்லை. மீதி டேப்கள் ஆண்டு முடியும்வரை பீரோவில் வைக்கப்படும்.

"அந்தப் புள்ள மேல எனக்கென்ன கோவம்? நல்லாத்தான் நடத்துது," என்றார் சார் காபியைக் குடித்துக்கொண்டே. "ஆனா ஒருத்தர் பேர்ல எழுதித்தான ஆகோணும்? இல்லீன்னா என்ற பேருக்கு வரும். ஏழு மாசம், தாயி. அதத் தாண்டிட்டேன்னா போதும்."

எல்லாரும் தன் தலையை மட்டும் பார்க்கிறார்கள். இந்த ஊரில் ஒரு நல்ல காரியம் உருப்படியாக நடக்காது.

அக்டோபர் 16, வியாழன்

கோகிலவாணி வீட்டுக்கு வந்தாள். தீர்மானத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து என்ன பதில் சொல்வதென்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அக்கா, அஞ்சாவதுக்குக் கணக்குல பட்டை வரைபடம் வருது. பொஸ்தகத்துல மாம்பழமும் ஆப்பிளும் போட்டிருக்குது. பசங்களுக்குச் சப்புனு இருக்குது. உண்மையான எண்ணு வேணும். உங்க பதிவேட்டுல ஒரு மாசத்து எண்ணு சுத்தமா இருக்குதுங்க. பசங்க அத டேப்புல ஏத்தி, அவங்களே வரைபடம் போட்டுப் பாக்கட்டும்னு இருக்கேன்."

"எதுக்கு என்ற நோட்டு? வேற எதாச்சும்..."

"இவ்ளோ கவனமா எழுதுன நோட்டு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இருக்காதுங்க்கா. மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. இப்பத்தான் அருமை தெரியுது."

அப்படிச் சொன்னால் எப்படி மறுப்பது? கொடுத்தேன். முறுக்கும் கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. எண்ணெய்ச் சட்டி தேய்க்கவே அரை நாள்.

அக்டோபர் 22, புதன்

சஷ்டி விரதம் தொடங்கியது. ஆறு நாள். ஒரு வேளை பாலும் பழமும்.

தாரிகா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "ஏம்மா, உன்ற நோட்ட நாங்கதான் டேப்புல ஏத்தறோம். ஆறு டேப்பு, ஆளுக்கு ரெண்டு பக்கம். 26-ந்தேதி குறிப்புல மட்டும் ஒண்ணுமே இல்ல. காலின்னு போடட்டுமா?"

"போடு."

"நோட்டு பூராவும் ஒரு கட்டங்கூட நீ காலியா உட்டதில்லியேம்மா. கீறல் இல்லீன்னாக்கூட இல்லைன்னு எழுதுவியே."

"படிக்கற வேலையப் பாரு," என்று அதட்டினேன். விரதத்தில் கோபப்படக் கூடாது.

அக்டோபர் 24, வெள்ளி

கைவிரல் நகக்கண்ணில் சந்தனம் ஒட்டிக்கொண்டு போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

சூரசம்ஹாரம். மலைக்கோயிலுக்குப் போகவில்லை. இடுப்பு வலி. வீட்டிலேயே விரதத்தை முடித்தேன். என்ன வேண்டிக்கொண்டாய் என்று இவர் கேட்டார். வழக்கம்போலத்தான் என்றேன். இந்த வருஷம் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 29, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வரைபடப் பாடத்தைப் பார்க்க வரச் சொல்லி கோகிலவாணி ஆளனுப்பியிருந்தாள். "உங்க நோட்டு, நீங்க பாக்கோணுமல்ல," என்று நாற்காலி போட்டாள். சாரும் கதவோரம் வந்து நின்றார்.

பிள்ளைகள் இரண்டு வரைபடம் போட்டிருந்தார்கள். ஒன்று செப்டம்பர் 25, நான் சார்ஜ் போட்ட நாள். பத்துப் பட்டையும் ஒரே உயரம். இன்னொன்று அக்டோபர் 8. ஒன்றிலிருந்து ஆறுவரை உயரம். ஏழில் பட்டையே இல்லை. எட்டு, ஒன்பது, பத்து முழங்கால் உயரம்.

"மிஸ், கெணத்துல குதிச்சாப்ல இருக்குது!" என்றான் ரோகித்.

"எங்க குதிக்குது?"

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல."

"தண்ணித் தொட்டியாலயா?" என்று கேட்டாள் கோகிலவாணி. சாரைப் பார்க்காமல் கேட்டாள்.

தாரிகா டேப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இல்லீங்க மிஸ். தொட்டிக்குப் போனது பன்னெண்டாந்தேதி. பத்து டேப்பும் போச்சு. தண்ணின்னா பத்தும்ல கெட்டிருக்கோணும்? அப்பறம் 25-ல ஏழுக்கும் நூறு ஏறியிருக்குது."

சார் தொண்டையைச் செருமினார்.

"சரி. வெளக்கேத்துன பாடத்துல என்ன சொன்னேன்?"

"பின்னாடி போகோணும்," என்று எல்லாரும் ராகமாகச் சொன்னார்கள். "எந்தப் படி வரைக்கும் நல்லா இருந்துச்சு, அடுத்த படியில என்ன நடந்துச்சு."

"25 வரைக்கும் நல்லா இருந்துச்சு. அடுத்த படி 26," என்றாள் என் மகள். "26 பூசை. அன்னிக்கு டேப்ப யாரும் எடுக்கல. குறிப்பு மட்டும் காலி. அம்மாவக் கேட்டேன், காலின்னே போடச் சொன்னாங்க."

"காலி இல்ல, ஒட்டிருக்குது!" ரோகித் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். "வெளிச்சத்துல புடிச்சா உள்ள எழுதுனது தெரியும் மிஸ்! இரு, படிக்கறேன்... ஒண்ணு முதல்..."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"ரோகித்து, கீழ வை," என்றாள் கோகிலவாணி. அதுவரை நான் கேட்காத குரல். "அடுத்தவங்க ஒட்டி வெச்சத வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கக் கூடாது. அந்தக் கட்டத்துல 'தெரியவில்லை'ன்னு போடுங்க. தெரியாததத் தெரியலைன்னு எழுதறதும் கணக்குதான்."

பிள்ளைகள் எழுதினார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பலகையை அழிக்க ஆரம்பித்தாள். அழித்த இடத்தையே திரும்பத் திரும்ப அழித்தாள்.

அவளுக்குத் தெரியும். 8-ந்தேதி முகர்ந்து பார்த்த அன்றே தெரிந்திருக்கலாம். நாளை மறுநாள் அவள் வேலை போகப்போகிறது. ஒரு பையன் இன்னும் நாலு வார்த்தை படித்திருந்தால் போகாது. தடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் போய், பதிவேட்டில் ஒட்டியதைப் பிரிக்கப் பார்த்தேன். மைதாப் பசை. தாளோடு எழுத்தும் சேர்ந்து கிழிந்து வந்தது. நான்கு எழுத்துதான் மிச்சம்.

இவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சந்தனந்தான? வெசத்தையா வெச்ச?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனா அந்தப் புள்ள ரெண்டு பஸ்ஸு மாறி வருதே, அம்மிணி," என்றார்.

அக்டோபர் 31, வெள்ளி

கூட்டம் மூன்று மணிக்கு. பதினோரு பேர் வந்தார்கள். கோகிலவாணி கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தீர்மானத்தில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். சார் வாசித்தார். வாசித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"சார், அந்தப் பதிவேட்டச் சித்தெ குடுங்க," என்றேன்.

26-ந்தேதிப் பக்கத்தைப் பிரித்து, கிழிந்த கட்டத்தைக் காட்டி, நின்றுகொண்டே சொன்னேன். ஆறு வரை மேலே, ஏழிலிருந்து கீழே, சார்ஜ் போடுகிற குழியில். சந்தனம் வைத்தது நான். ஈரத்துணியால் உள்ளே தள்ளியது நான். எழுதியதைத் தாள் ஒட்டி மறைத்ததும் நான். ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அன்றைக்குத் திரியை விட்ட மாதிரி எதையும் விடவில்லை.

கறிக்கடை ருக்குமணியக்காதான் ஆரம்பித்தாள். "அப்பச் சாமிதான் டேப்பக் கெடுத்துப்போட்டுதா, வசந்தாமணி?"

சிரிப்பு எழுந்தது.

"சாமி கேக்கலீங்க்கா. நானாத்தான் வெச்சேன்."

சார் குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஏம்மா, இத எழுத்துல வேண்டாம். ஆடிட்டுக்கு வர்றவன் சந்தனம்னு படிச்சா சிரிப்பான். நம்ம பள்ளிக்கூடம் பேரு கெட்டுரும்."

"சிரிச்சுட்டுப் போறாங்க சார். உங்க பென்சனுக்கும் ஒண்ணும் வராது, என்ற பேர்லதான எழுதறேன்? ரிப்பேரு பண்ணிக் கொண்டாந்து வெக்கறதும் என்ற பொறுப்புங்க."

தீர்மானத்தை அடித்தேன். அதே தாளில் கீழே எழுதினேன்: ஆசிரியை கோகிலவாணியின் பணியை நீட்டிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. டேப் பீரோவில் பூட்டப்படாது. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சார் கடைசியாக, பெருமூச்சு விட்டுக்கொண்டு போட்டார்.

வெளியே வரும்போது கோகிலவாணி பின்னாலேயே வந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இப்பவாச்சும் அந்தப் பதினோரு கட்டத்தக் கொறைப்பீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா? "எத்தன வேணும் உனக்கு?" என்றேன்.

"எண்ணு, சார்ஜு, குறிப்பு. மூணு போதும். பசங்களே டேப்புல எழுதிக்குவாங்க. அதும் ஒரு பாடந்தான?"

"கையெழுத்து?"

"வேண்டாங்க்கா."

"கையெழுத்து இல்லாத ஒரு பதிவேடா!" என்றேன். அவள் சிரித்தாள். பஸ் வந்துவிட்டது, ஓடினாள். மன்னிப்புக் கேட்க முடியாமலே போயிற்று. பஸ் மூன்று நிறுத்தம் தாண்டியிருக்கும், இன்னும் நான் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 1, சனி

நூற்றெட்டு எழுதினேன். நடுவில் எழுந்து பாலை இறக்கிவிட்டு வந்தும் எண்ணிக்கை விடவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

நான்கு டேப்பையும் மஞ்சப்பையில் போட்டு உடுமலைக்குக் கொண்டுபோனேன். செல்போன் கடைத் தம்பி ஊசியால் நோண்ட நோண்ட உருண்டை உருண்டையாக வந்தது. "ஏனுங்க்கா, கோயில்ல இருந்து நேரா கொண்டாந்தீங்களா?" என்றான். எட்டும் ஒன்பதும் பத்தும் அங்கேயே சரியாகிவிட்டன. ஏழுக்கு உள்ளே ஏதோ மாற்ற வேண்டுமாம், இரண்டு நாள் ஆகுமாம்.

நவம்பர் 7, வெள்ளி

ஏழு வந்துவிட்டது. பிள்ளைகள் மழையைப் பாட்டிலில் பிடித்து அளந்து டேப்பில் ஏற்றுகிறார்கள். அறிவியலும் கணக்கும் சேர்ந்ததாம். நனைகிறார்கள், டேப்பையும் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு நனைக்கிறார்கள். பை முடிச்சை நானே இன்னொரு தரம் இறுக்கிக் கட்டினேன்.

மூன்று கட்டம்தான். தாரிகா வாசிக்க, ரோகித் ஏற்றினான். எண் ஏழு. சார்ஜ் நூறு. "குறிப்புல என்ன போடறது?" என்று என்னைக் கேட்டார்கள்.

கையில் வாங்கி முகர்ந்து பார்த்தேன். வாசம் இன்னும் போகவில்லை. அதையே எழுதச் சொன்னேன்.